மௌன மடத்து மோடம்

செங்கோட்டைக்கு மேற்கே, மலைச்சாரலில், தினமும் மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை யாரும் வாய் திறக்காத மடம் ஒன்று இருந்தது. அங்கே குருவாக இருந்த பூரணி அம்மாவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடர்களில் மூத்தவரான ஆவுடையப்பனுக்கு அறுபது. குருவுக்கு நரை இருந்தாக வேண்டும் என்று எந்த நூலும் சொல்லவில்லை. ஆவுடையப்பன் தேடிப் பார்த்திருக்கிறார்.

சர்க்கரை ஆலை ஒன்றில் ஆயுள் முழுக்கக் கருவிகளைப் பழுது பார்த்த பொறியாளர் அவர். ஓய்வு பெற்றதும் மௌனம் பழக வந்தார். வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. முதல் வருஷம் சீடர்கள் மலையிறங்கக் கூடாது என்பது மடத்து வழக்கம்.

ஒரு நாள் மஸ்கட்டிலிருந்து ஒரு பொட்டலமும் ஒரு கடிதமும் வந்தன.

பொட்டலத்தில் இருந்தது, கணினிக்குள் செருகும் மோடம் அட்டை. மகன் அனுப்பியது. யாரோ ஒரு பக்தர் கொடுத்த பழைய கணினி மடத்து அலுவலக அறையில் கிடந்தது. அதில் அட்டையைப் பொருத்தித் தொலைபேசிக் கம்பியைச் செருகிவிட்டால் மின்னஞ்சல் போகும், வரும்.

கடிதம், மகனோடு அங்கே இருந்த மனைவி வடிவு எழுதியது.

"போன் பண்ணினால் 'ம்' என்கிறீர்கள். கடிதம் போட்டால் பத்து நாள் கழித்து 'நலம்' என்று ஒரு கார்டு வருகிறது. இந்த வெள்ளிக்கிழமைக்குள் உருப்படியாக ஒரு பக்கம் எழுதி மின்னஞ்சலில் அனுப்புங்கள். வராவிட்டால் சனிக்கிழமை விமானம் ஏறி வந்து கையோடு கூட்டிக்கொண்டு போவேன். அங்கே சும்மா உட்கார்ந்திருப்பதை இங்கே சோபாவில் உட்கார்ந்து செய்யலாம்."

வடிவு சொன்னதைச் செய்யாமல் விட்டதில்லை. கடிதம் கைக்கு வந்தது திங்கட்கிழமை.

காலையில் ஆவுடையப்பனுக்குத் தோட்ட வேலை, மாலையில் பாடம். அலுவலக அறை காலியாகக் கிடைப்பது மௌன வேளையில்தான். பேசாமல் செய்யும் வேலைக்கு அப்போது தடை கிடையாது.

அந்த மாதம் மௌன வேளைப் பொறுப்பும் அவருடையதே. இரண்டு மணிக்கு மணி அடிப்பார். சமையலறை வாசலில் இருந்த தொலைபேசி கிணுகிணுத்துவிடக் கூடாதென்று ரிசீவரை எடுத்து, நாலாக மடித்த துண்டின்மேல் படுக்க வைப்பார். மேலே இன்னொரு துண்டைப் போர்த்துவார். பிறகு அலுவலக அறைக்குப் போய்க் கணினியைத் திறப்பார்.

திங்கட்கிழமை அட்டையைப் பொருத்தினார். மோடத்தை டயல் செய்யச் சொன்னார். 'டயல் டோன் இல்லை' என்று திரை சொன்னது. அட்டையைக் கழற்றி, தங்கப் பற்களை அழிரப்பரால் தேய்த்து, அடுத்த இடுக்கில் செருகினார். டயல் டோன் இல்லை.

செவ்வாய்க்கிழமை வேறொரு கோளாறைக் கண்டுபிடித்தார். மோடத்துக்கும் மவுஸுக்கும் கணினி ஒரே வழியை ஒதுக்கியிருந்தது. இது வாய் திறந்தால் அது உறைந்தது. இரண்டையும் பிரித்து வைத்தார். மவுஸ் சுகமாக ஓடியது. டயல் டோன் மட்டும் இல்லை.

புதன்கிழமை, மோடத்தோடு வந்த மென்பொருளை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினார். கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார், பதிப்புரிமை அறிவிப்பு உட்பட. நூல்கள் மௌனத்தை வாக்கு மௌனம், கட்டைபோல் அசையாதிருக்கும் காஷ்ட மௌனம் என்றெல்லாம் வகை பிரிக்கும். மோடத்தின் மௌனம் எந்த வகை என்று கையேட்டிலும் இல்லை.

நாலு மணிக்கு மௌனம் முடிந்ததும் குருவிடம் போனார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க சார்."

சீடரைப் பூரணி அம்மா சார் என்றுதான் கூப்பிடுவார்.

"எல்லாம் சரியா இருந்தும் ஒண்ணு ஏன் பேசாம இருக்கு?"

"எது?"

"மோடம்."

பூரணி அம்மா அவரை உட்காரச் சொன்னார்.

"அது முதல்ல என்ன செய்யும்?"

"கேட்கும். லைன்ல ரீங்காரம் வருதான்னு கேட்கும். வந்தாத்தான் டயல் பண்ணும்."

"வருதா?"

"வருது. காலையில நானே ரிசீவரைக் காதுல வச்சுப் பார்த்தேன். லைன் சுத்தம். ஆகவே கோளாறு அட்டையில."

"நீங்க 'ஆகவே' சொன்னா எனக்குப் பயமா இருக்கு, சார். நாளைக்கு ரெண்டு மணிக்கு நானும் கூட வர்றேன்."

"அம்மாவுக்கு மோடம் தெரியுமா?"

"தெரியாது. உங்களைத் தெரியும்."

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு ஆவுடையப்பன் மணி அடித்தார். பூரணி அம்மா நாலடி தள்ளிப் பின்னால் நின்றார். ஆவுடையப்பன் சமையலறை வாசலுக்கு நடந்தார். அம்மாவும் நடந்தார். அவர் ரிசீவரை எடுத்துத் துண்டில் வைத்து, மேலே போர்த்தித் திரும்பினார்.

அம்மா துண்டை விலக்கி, ரிசீவரை எடுத்துத் தொலைபேசியின்மேல் வைத்தார்.

மௌன வேளை, கேட்க முடியாது. குருவுக்கு மறதி என்று நினைத்த ஆவுடையப்பன் பணிவோடு ரிசீவரை மறுபடி எடுத்துப் படுக்க வைத்தார். அம்மா மறுபடி எடுத்து மேலே வைத்தார். ஆவுடையப்பன் சுவரில் எழுதியிருந்த விதியைச் சுட்டிக் காட்டினார். 'மௌன வேளையில் தொலைபேசி ஒலிக்கலாகாது.' அம்மா படித்துப் பார்த்துத் தலையாட்டினார். ஆவுடையப்பன் மூன்றாவது முறை ரிசீவரை எடுத்தார்.

இந்த முறை அம்மா அதை அவர் கையிலிருந்து வாங்கவில்லை. அலுவலக அறைக் கதவைத் திறந்தார். சுவரோரமாக ஓடிய தொலைபேசிக் கம்பியை விரலால் தொட்டபடியே, அது கணினியில் முடியும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஆணியாக நடந்து வந்தார். கம்பி வந்து சேர்ந்த இடம், ஆவுடையப்பன் ரிசீவரோடு நின்ற இடம்.

ஆவுடையப்பன் கம்பியைப் பார்த்தார். கையைப் பார்த்தார். இரண்டு துண்டுகளையும் பார்த்தார்.

தானே எடுத்து வைத்த ரிசீவர் மோடத்தின் லைனைப் பிடித்துக்கொண்டிருக்க, மூன்று நாளாக அட்டையின் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சிரிப்பு வந்தது. மௌன வேளையில் சிரிக்கலாமா என்பதற்கு மடத்தில் தெளிவான விதி இல்லாததால் அடக்கிக்கொண்டார். ரிசீவரை அதன் இடத்தில் வைத்துவிட்டு அலுவலக அறைக்குப் போய் மோடத்தை ஏவினார்.

மோடத்துக்கு ஒலிபெருக்கி உண்டு என்பது கையேட்டின் பதினேழாம் பக்கத்தில் இருந்தது. அதை நிறுத்தும் வழி பதினெட்டில். பதினேழோடு தூங்கிவிட்டிருந்தார்.

முதலில் ரீங்காரம் வந்தது. பிறகு எண்கள் டொக்டொக்கென்று விழுந்தன. பிறகு கீச்சிட்டு, கரகரத்து, இரைந்து, ஊளையிட்டு ஓய்ந்தது. தியானக் கூடத்தில் பதினோரு பேர் கண்ணைத் திறந்தார்கள். மடத்துச் சமையல்காரர் மாசானம் கரண்டியோடு ஓடி வந்து எட்டிப் பார்த்தார். பேசக் கூடாதென்று நினைவு வரவே, கரண்டியாலேயே என்ன என்று கேட்டார்.

'இணைக்கப்பட்டது' என்றது திரை.

நாலு மணி அடித்ததும் மாசானம்தான் முதலில் பேசினார்.

"என்ன அண்ணாச்சி, சைவ மடத்துல ஆட்டை அறுத்தியளா?"

"மோடம் பேசிச்சு. அது பேசிட்டிருக்கையில போன் மணி அடிக்காது. விதிப்படி பார்த்தா மௌனத்துக்கு அதுவே நல்லது."

"நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குப் பால் பொங்கிருச்சு."

ஆவுடையப்பன் பூரணி அம்மாவிடம் போனார். வெற்றி பெற்றவர் முகமாக அது இல்லை.

"லைன் கிடைச்சிருச்சும்மா. எழுதத்தான் வரலை."

"எவ்வளவு எழுதினீங்க?"

"'அன்புள்ள வடிவுக்கு, நலம்.'"

"அப்புறம்?"

"ஒரு மணி நேரமா அதுலயே நிக்கிறேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை. எழுதலைன்னா வந்துருவா, நான் போக வேண்டியதுதான். எழுதலாம்னு பார்த்தா சந்தேகமா இருக்கு. ஏழு மாசமா மௌனம் பழகுறேன். ஒரு பக்கம் கொட்டி எழுதினா பழகினது கலைஞ்சுடாதா? நான் இன்னும் ஆரம்ப நிலைதானே."



"கல்யாணமாகி எத்தனை வருஷம் சார்?"

"முப்பத்தொண்ணு."

"ஆலையிலேருந்து வந்ததும் அவங்க என்ன கேப்பாங்க?"

"இன்னிக்கு என்ன ஆச்சுன்னு கேப்பா."

"நீங்க?"

ஆவுடையப்பன் பொய் சொல்லிப் பழகாதவர்.

"'ம்'னு சொல்வேன்."

"முப்பத்தொரு வருஷமுமா?"

"ஞாயிற்றுக்கிழமை ஆலை லீவு. அன்னிக்குக் கேக்க மாட்டா."

"அப்ப நீங்க ஆரம்ப நிலை இல்லை சார்," என்றார் பூரணி அம்மா. "உங்க அளவுக்கு மௌனம் முத்தினவங்க இந்த மடத்துல யாரும் கிடையாது, என்னையும் சேர்த்து. போய் எழுதுங்க."