இரண்டு கரைகளின் கணக்கு

கொற்றந்துறையில் வேண்மாள் என்றொரு கணக்காசிரியை இருந்தாள். துறையிலிருந்து வெளிநாடு போகும் சரக்கையும் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் சரக்கையும் ஆண்டு முழுக்க எழுதித் தொகுத்து, ஆண்டு முடிவில் அரசனுக்கும் ஊருக்கும் வாசித்துச் சொல்வது அவள் பொறுப்பு.

அவளிடம் பாடம் கேட்டவர்களில் பதுமன் மூத்தவன். அவளைவிடவும் மூத்தவன். குதிரை வணிகத்தில் பலமுறை ஏமாந்து, யார் சொல்வதையும் நம்ப முடியாமல் போய், நம்பக்கூடிய எண்ணை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று வந்து சேர்ந்தவன். முன்கோபி. அவள் அவனை ‘நீர்’ என்பாள். அவன் அவளை ‘அம்மா’ என்பான்.

“நாம் எதை எண்ணுகிறோம், அம்மா?” என்று வந்த புதிதில் கேட்டான்.

“எல்லையைத் தாண்டும் பொருளை.”

“இன்று ஒரு கப்பல் மிளகோடு வந்தது. குடிநீர் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. அதை எழுதவில்லையே?”

“அந்த மிளகு நம் நாட்டுக்குள் வரவில்லை. துறையில் நின்று மூச்சு வாங்கிவிட்டுப் போனது.”

“கப்பலோட்டி வரும் மீகாமன் பொய் சொன்னால்?”

“மற்றவர்கள் சொன்னதோடு வைத்துப் பார்ப்போம். இடித்தால் போய்க் கேட்போம். கேட்காமல் எந்த எண்ணிலும் கை வைக்க மாட்டோம்.”

பதுமனுக்கு அது பிடித்திருந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் பவழத்தீவு. அங்கேயும் ஓர் அரசன், ஒரு துறை, ஒரு கணக்குச்சாலை. அந்த ஆண்டு இரண்டு அரசர்களும் நட்பைக் காட்டுவதற்காக ஓர் ஏற்பாடு செய்தார்கள். இரண்டு கரையின் கணக்கையும் திருவிழா நாளில் ஒரே மேடையில் வாசிப்பது. அதற்காக ஓலைகளை முன்கூட்டியே மாற்றிக்கொண்டார்கள்.

நட்பு அதோடு முடிந்தது. கொற்றந்துறை பவழத்தீவுக்கு அனுப்பியதாக எழுதியிருந்த துணிப்பொதிகள் ஏராளம். கொற்றந்துறையிலிருந்து வந்ததாகப் பவழத்தீவு எழுதியிருந்தது அதைவிட மிகக் குறைவு.

“திருடர்கள்” என்றது இந்தக் கரை.

“வீம்புக்கு ஏற்றி எழுதுகிறார்கள்” என்றது அந்தக் கரை.

கடைத்தெருவில் தீவு மாலுமி ஒருவனைப் பிடித்து அடித்துக் கையை ஒடித்தார்கள். தீவில் கொற்றந்துறைக் கப்பல் ஒன்றின் பாயைக் கொளுத்தினார்கள். அரசன் வேண்மாளைக் கூப்பிட்டு, “திருவிழாவுக்குள் இரண்டு எண்ணும் ஒன்றாக வேண்டும்” என்றான்.

அவள் பதுமனைத் தீவுக்குப் போகச் சொன்னாள்.

“திருடர்களிடம் போய் என்ன பேசுவது?” என்றான் பதுமன்.

“எப்படி எண்ணுகிறீர்கள் என்று கேளும்.”

“கேட்டால் சொல்லிவிடுவார்களா?”

“உம்மிடம் கேட்டால் நீர் சொல்வீரா?”

பதுமன் முணுமுணுத்துக்கொண்டே கப்பலேறினான்.

தீவின் கணக்குச்சாலையில் உபாலி என்ற தலைமைக் கணக்கன் இருந்தான். கை ஒடிந்த மாலுமி அவனுடைய அக்காள் மகன். வந்தவனை உட்காரச் சொல்லவில்லை. ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை.

“எங்கள் துணி எங்கே?” என்றான் பதுமன்.

“எங்கள் பிள்ளையின் கை எங்கே?” என்றான் உபாலி.

வெகுநேரம் கத்தினார்கள். தொண்டை கட்டியபிறகு வேறு வழியில்லாமல் ஓலைகளை அவிழ்த்தார்கள்.

முதலில் வந்தது கீழ்த்திசைக் கப்பல்களின் சரக்கு. எங்கே போகிறாய் என்று கொற்றந்துறையில் கேட்டபோது மீகாமன்கள் ‘பவழத்தீவு’ என்றார்கள். கணக்குச்சாலையில் அப்படியே எழுதிக்கொண்டார்கள். கப்பல்களோ தீவில் ஓர் இரவு தங்கிவிட்டு, பொதியை இறக்காமலே கீழ்த்திசைக்குப் போய்விட்டன. தீவில் அவற்றை எண்ணவில்லை.

“துறையில் மூச்சு வாங்கிவிட்டுப் போனவை” என்றான் பதுமன், தன்னையறியாமல்.

“நாங்களும் அப்படித்தான் சொல்வோம்” என்றான் உபாலி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அடுத்தது ஆண்டின் கடைசி நாட்களில் கிளம்பிய கப்பல்கள். கொற்றந்துறையில் அவற்றைப் பழைய ஆண்டில் எழுதியாகிவிட்டது. காற்று திரும்பி, அவை தீவை அடைந்தபோது புத்தாண்டு பிறந்திருந்தது. தீவு அவற்றை அடுத்த ஆண்டுக் கணக்கில் வைத்திருந்தது.

திருட்டு என்று ஊரே கொதித்த வித்தியாசம் இப்படிக் கரைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒரே ஒரு தோணியின் சுமை மிஞ்சியது.

“இது இங்கே வரவில்லை” என்றான் உபாலி.

“அங்கே கிளம்பியிருக்கிறது.”

“தீவின் எல்லாத் துறைக்கும் ஆளனுப்பிக் கேட்டுவிட்டேன். எங்கேயும் ஒதுங்கவில்லை. அந்தத் துணியை யாரும் வாங்கவும் இல்லை.”

“கிளம்பியதைச் சுங்கக்காரர் மூவர் பார்த்திருக்கிறார்கள்.”

மறுபடி இருவருக்கும் கோபம் ஏறியது. வெளியே தடிகளோடு கூட்டம் நின்றது. கொற்றந்துறைக்காரனை வெளியே விடு என்று யாரோ கத்தினார்கள்.

உபாலி கதவைப் பார்த்தான். “பாதியை நீங்கள் குறையுங்கள். பாதியை நாங்கள் கூட்டிக்கொள்கிறோம். ஒரு தோணிச் சுமைக்காக இரண்டு நாடும் வெட்டிக்கொண்டு சாக வேண்டுமா?”

பதுமன் யோசித்தான். யோசித்தது கொஞ்ச நேரம்தான். பிறகு இருவரும் ஒரே குடத்துத் தண்ணீரைக் குடித்தார்கள்.

கொற்றந்துறைக்குத் திரும்பிய பதுமன் கணக்குச்சாலைக்குப் போகவில்லை. நேரே கடைத்தெருவுக்குப் போய் உப்பு மூட்டைமேல் ஏறி நின்று, “யாரும் திருடவில்லை. நம் துணி எல்லாம் தீவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டு கரைக்கும் ஒரே எண்” என்று அறிவித்தான். ஊர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டது. அவன் வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் அதற்குமுன் வந்ததில்லை.

வேண்மாள் எல்லாவற்றையும் கேட்டாள். கீழ்த்திசைக் கப்பல்களுக்குத் தலையாட்டினாள். ஆண்டு மாறிய கப்பல்களுக்குத் தலையாட்டினாள்.

“மிச்சம்?”

“பங்கிட்டுக்கொண்டோம்.”

“கேட்டா, கேட்காமலா?”

“யாரைக் கேட்பது? ஒரு தோணிச் சுமை, அம்மா. ஊர் பற்றி எரிய இருந்தது.”

அவன் தவறு செய்தால் அவள் சிரிப்பது வழக்கம். அன்று சிரிக்கவில்லை. அவள் முகம் இறுகியதைப் பார்த்துப் பதுமனுக்குத்தான் கோபம் வந்தது. ஊரே கொண்டாடியதை இவள் ஒருத்தி கொண்டாட மாட்டாள் என்று நினைத்துக்கொண்டு போய்ப் படுத்தான்.

மறுநாள் காலையில் ஒரு பெண் கணக்குச்சாலைக்குள் நுழைந்தாள். காவலன் தடுத்ததை அவள் பொருட்படுத்தவில்லை. அவள் பெயர் வெள்ளைச்சி. அந்தத் தோணியில் துடுப்புப் போட்ட சேந்தனின் மனைவி.

“உப்பு மூட்டைமேல் ஏறிப் பேசிய ஆள் யார்?”

“நான்தான்” என்றான் பதுமன்.

“துணி எல்லாம் தீவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று சொன்னாயா?”

“சொன்னேன்.”

“மழைக்காலத்தில் போன தோணி இன்னும் திரும்பவில்லை. துணிக்குச் சொந்தக்காரன் பண்ணன். துடுப்புக்காரர்கள் துணியைத் தீவில் விற்றுவிட்டு ஓடிப்போனார்கள் என்று அன்றிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறான். நியாயசபை அவனை நம்பவில்லை. நேற்று நீ பேசினாய். நேற்றே போய், கணக்குச்சாலையே சொல்லிவிட்டது, துணி தீவில் இறங்கிவிட்டது என்று சாதித்துவிட்டான். இன்று விடிந்ததும் எங்கள் வீடுகளைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள். திருடன் பெண்டாட்டி என்று தெருவில் துப்புகிறார்கள்.”

“தாயே, இரண்டு நாட்டுச் சண்டையை நிறுத்துவதற்காக...”

“நாட்டை விடு. நான் கேட்பதற்குச் சொல்” என்றாள் வெள்ளைச்சி. “துணி போய்ச் சேர்ந்தது என்றால் என் வீட்டுக்காரன் எங்கே?”

பதுமன் வாசலில் நின்ற வேண்மாளைப் பார்த்தான்.

“என்னை ஏன் பார்க்கிறீர்? எண் உம்முடையது. நீரே பதில் சொல்லும்.” அவ்வளவு கோபத்தை அவள் குரலில் அவன் கேட்டதே இல்லை.

வெள்ளைச்சி கிளம்பிப் போனாள்.

“என்ன செய்யட்டும்?” என்று கேட்டான் பதுமன்.

“வாசித்த எண் தவறென்றால் திருத்தி வாசிக்க வேண்டும். வாசித்த இடத்திலேயே.”

“கடைத்தெருவிலா? என்னைக் கிழித்துவிடுவார்கள்.”

“கிழிக்கலாம்.”

“அரசன் தலையை எடுத்துவிடுவான்.”

“முதலில் என்னைத்தான் கூப்பிடுவான். நீர் போய் வாசியும்.”

முதல் வேலையாகப் பதுமன், பங்கீட்டை விட்டுவிட்டேன் என்று உபாலிக்கு ஆளனுப்பினான். பிறகு அதே கடைத்தெருவுக்குப் போய் அதே இடத்தில் நின்றான். முந்தைய நாள் தூக்கிய தோள்கள் எல்லாம் எதிரே நின்றன.

“நான் சொன்னது தவறு. இங்கிருந்து கிளம்பியது ஓர் எண். தீவில் இறங்கியது வேறோர் எண். இரண்டுக்கும் நடுவில் ஒரு தோணிச் சுமை நிற்கிறது. அந்தத் தோணி தீவில் எந்தத் துறையிலும் ஒதுங்கவில்லை. அந்தத் துணியை அங்கே யாரும் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை.”

கூச்சல் கிளம்பியது. மீன் கழுவிய தண்ணீர் அவன் முகத்தில் வந்து விழுந்தது. “தீவுக்காரனிடம் எவ்வளவு வாங்கினாய்?” என்று ஒருவன் கேட்டான். பண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவன் மார்பில் கைவைத்துத் தள்ளினான். பதுமன் விழுந்து எழுந்து, முகத்தைத் துடைக்காமல், மறுபடியும் முதலிலிருந்து சொன்னான்.

கணக்கில் ஆட்களின் பெயர் எழுதுவதில்லை. அவனும் சொல்லவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற வெள்ளைச்சிதான் “சேந்தன்” என்றாள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற இன்னொருத்தி வேறொரு பெயரைச் சொன்னாள். பிறகு ஒரு கிழவர் தம் இரண்டு பிள்ளைகளின் பெயரைச் சொன்னார். எல்லாப் பெயரும் முடிந்தபோது தெருவில் யாரும் கத்தவில்லை.

உபாலி செய்தி கொண்டுபோனவனிடம் பதுமனை வாயில் வந்தபடி ஏசினான். ஏசிவிட்டு, ஏற்றிக்கொண்ட பாதியைக் கழித்து, தன் ஊர்க் கடைத்தெருவில் தானே நின்று வாசித்தான். அவன் மேலும் கல் விழுந்ததாகப் பிறகு தெரிந்தது.

இரண்டு கரையும் ஒன்றுபோலச் சொன்னபிறகு நியாயசபைக்கு வேறு வழி இருக்கவில்லை. முத்திரையை உடைத்து வீடுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். துடுப்புக்காரர்கள் மேலிருந்த திருட்டுப் பழி நீங்கியது.

திருவிழா மேடையில் வேண்மாள் தன் எண்ணை வாசித்தாள். உபாலி தன் எண்ணை வாசித்தான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும், அது ஏன் என்பதையும் இருவரும் வாசித்தார்கள். அரசர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் எழுந்து போனார்கள். போர் வரவில்லை. அரசர்களுக்குள் பழைய நட்பும் திரும்பவில்லை.

மேடையில் தன்னைத் தலைகுனிய வைத்தாள் என்று அரசன் வேண்மாளைப் பொறுப்பிலிருந்து நீக்கினான். அந்த இடத்தில் பதுமனை உட்காரச் சொல்லி ஆணை வந்தது.

பதுமன் கொதித்துப்போய் அவள் வீட்டுக்கு வந்தான். அவள் முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“நீங்கள் என்ன குற்றம் செய்தீர்கள்? இந்த அரசனுக்கு நான் வேலை செய்ய வேண்டுமா?”

“வேறு யாராவது உட்கார்ந்தால் நன்றாக எண்ணுவார்களா?”

பதுமன் முற்றத்தில் அங்குமிங்கும் நடந்தான். கோபம் தணியவில்லை, ஆனால் நின்றான்.

“ஆணையில் ஒரு நிபந்தனை இருக்கிறது. கிளம்பியதை வாசிக்கலாம், வந்ததை வாசிக்கலாம். வித்தியாசத்தை வாசிக்கக் கூடாது. அதை மட்டும் விட்டுக்கொடுத்தால் மற்ற எல்லாவற்றையும் நேர்மையாகச் செய்ய விடுவான் என்று தோன்றுகிறது.”

வேண்மாள் அடுத்த கீரைக் கட்டை அவிழ்த்தாள்.

“வித்தியாசம் என்பது ஒரு சரக்கே இல்லையே, அம்மா. அது நம் கரையிலும் இல்லை, அந்தக் கரையிலும் இல்லை. அதை எதற்கு வாசிக்க வேண்டும்?”

“அந்த வித்தியாசத்தைத் தவிர, சேந்தன் கரையேறிய இடம் வேறு ஏதாவது இருந்தால் சொல்லும்” என்றாள் அவள். “விட்டுக்கொடுத்துவிடலாம்.”