மெயில் எஞ்சினின் கண்ணாடிக் குழாய்

"வாத்தியாரே, எனக்கு எப்பதான் வண்டியை ஓட்டற கைப்பிடியைக் கொடுப்பீங்க?"

மெயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடும் பெத்தபெருமாள் இதைக் கேட்காத ஸ்டேஷன் கிடையாது.

டிரைவர் லூர்துராஜைவிட அவர் வயதில் மூத்தவர். இருந்தாலும் தொழில் சொல்லிக்கொடுக்கிறவன் வாத்தியார்தானே! லூர்துராஜ் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கம்பெனி துரை அவரை டிரைவராக்கிவிடுவார். அந்த ஒரு வார்த்தைதான் வந்தபாடில்லை.

"இன்னும் என்ன தெரியணும் எனக்கு? அதையாவது சொல்லுங்க."

பட்டப்பகல். வண்டி விருத்தாசலத்தில் நின்றுகொண்டிருந்தது. லூர்துராஜ் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, பாய்லரின் முகப்பில் இருந்த கண்ணாடிக் குழாயைக் காட்டினான். பாய்லருக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ, குழாயிலும் அதே மட்டத்தில் நிற்கும்.

"தண்ணி எவ்வளவுண்ணே?"

"ரொம்பி இருக்கு." மனுஷன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இறக்கத்துல வரும்போது நான்தானே ஏத்தினேன்."

"நிச்சயமா?"

"பச்சைப் பிள்ளைகிட்டக் கேக்கற மாதிரி கேக்கறீங்களே!"

"அப்ப சரி. பிடிங்க."

லூர்துராஜ் கைப்பிடியை விட்டு நகர்ந்து நின்றான்.

அடேயப்பா! பெத்தபெருமாளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தார். பின்னால் கார்டு விசில் ஊதிப் பச்சைக்கொடி காட்டினார்.

அப்போதுதான் பெத்தபெருமாள் குழாயைப் பார்த்தார்.

தண்ணீரின் கோடு எங்கேயும் தெரியவில்லை. கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

முழுக்க நிரம்பினாலும் கோடு தெரியாது. சொட்டுகூட இல்லாமல் வற்றினாலும் தெரியாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஏற்றினேனே.

ஏற்றினேனா? உள்ளே போயிற்றா, இல்லை வழியெல்லாம் வெளியே கொட்டிக்கொண்டு வந்ததா?

வற்றிப்போயிருந்தால் தொலைந்தது. கீழே நெருப்பு திகுதிகுவென்று எரிகிறது. பாய்லர் வெடித்துவிடும். பின்னால் வண்டி கொள்ளாத ஜனம். முதல் பெட்டி ஜன்னலில் ஒரு பெண் தன் குழந்தைக்கு முறுக்கை உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கார்டு மறுபடி ஊதினார்.

ஸ்டேஷன் மாஸ்டர் ஓடிவந்தார். "என்னய்யா இது, மெயில் வண்டியா மாட்டு வண்டியா? எடுய்யா!"

பெத்தபெருமாள் லூர்துராஜைப் பார்த்தார். அவன் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான். வெற்றிலை மெல்வதைக்கூட நிறுத்திவிட்டான்.

பெத்தபெருமாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஏங்கி ஏங்கிக் கிடைத்த கைப்பிடி. இப்போது விட்டால் இனி யார் கொடுப்பார்கள்?

கையை எடுத்தார்.

"எனக்குத் தெரியலை, வாத்தியாரே."

குனிந்து குழாயின் அடித்திருகைத் திறந்தார். பாய்லர் வற்றியிருந்தால் வெறும் ஆவிதான் வரும். புஸ்ஸென்று தண்ணீர் பீய்ச்சியடித்தது. திருகை மூடினார். தண்ணீர் விறுவிறுவென்று ஏறி, உச்சிவரைக்கும் போய்க் குழாயை நிறைத்தது.

"அப்பாடா!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

பெத்தபெருமாள் வெடுக்கென்று திரும்பினார்.

"நீங்க எதுக்கு அப்பாடாங்கறீங்க? உங்களுக்குத்தான் முன்னாடியே தெரியுமே!"

"எனக்கு எப்படித் தெரியும்?"

லூர்துராஜ் கரி அள்ளும் ஷவலைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"வண்டியை எடுங்கண்ணே."