உப்பு டப்பா

மலை உச்சிப் பூங்காவுக்கு வரையாடு பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்ட ஆட்களைப் பழக்குகிறவர் தெய்வானை டீச்சர். வயது நாற்பது. அவரிடம் தொழில் கற்க வந்த மாசிலாமணிக்கு அறுபது. முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். டிக்கெட் வாங்கினவனை ஊர் சேர்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

சேர்ந்த அன்றே கேட்டார்.

"டீச்சர், என்னை எப்போ தனியா அனுப்புவீங்க?"

"அதை நான் சொல்லமாட்டேன் அண்ணே. ஆடு சொல்லும்."

மனுஷன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். டீச்சருக்குத் தெரியாமல் மூன்று மாதம் தகர டப்பாவில் கல்லுப்பு கொண்டுபோய்ப் பாறையில் தூவினார். பிறகு டப்பாவைக் குலுக்கினாலே போதும், மொத்தக் கூட்டமும் இறங்கி வந்துவிடும். தாயாடு ஒன்று அவர் உள்ளங்கையை நக்கும். அதன் குட்டிக்குச் செல்லாத்தா என்று பெயரே வைத்துவிட்டார்.

ஒருநாள் காலை, சாலை வளைவில் கார் நிறுத்திய ஒருவர் பிஸ்கட் டப்பாவில் மிச்சம் இருக்கிறதா என்று குலுக்கிப் பார்த்தார். அவ்வளவுதான். செல்லாத்தா சாலைக்குப் பாய்ந்தது. எதிரே வந்த ஜீப் ஒரு சாண் தள்ளிக் கிறீச்சிட்டு நின்றது. அந்தக் கார்க்காரர் என்ன செய்தார் தெரியுமா? கைதட்டினார்! போட்டோ எடுத்தார்!

அங்கே நின்றிருந்த டீச்சருக்குக் கோபமென்றால் அப்படி ஒரு கோபம். நேரே மாசிலாமணியிடம் வந்தார்.

"யார் பழக்கினது?"

"ஆடு சொல்லும்னு நீங்கதானே..."

"வாயை மூடுங்க அண்ணே! வயசுக்கு மரியாதை குடுத்துப் பேசறேன்."

"எங்கெங்கேர்ந்தோ வர்றாங்க டீச்சர். ஆட்டைக் காட்டாம திருப்பி அனுப்ப மனசு கேக்கல."

"நாளைக்கு வேட்டைக்காரன் ஒருத்தன் டப்பாவோட வருவான். அவன் கையையும் நக்கத்தான் போகுது."



டீச்சர் அவரைப் பாறைக்குக் கூட்டிப்போனார்.

"குலுக்குங்க."

குலுக்கினார். கூட்டம் இறங்கி வந்தது. குட்டிதான் முன்னால்.

டீச்சர் ஒரு கல்லைப் பொறுக்கி அவர் கையில் வைத்தார்.

"எறிங்க."

"என்னை நம்பி வருது டீச்சர்!"

"அதான் எறியச் சொல்றேன். மேல படாம, காலடியில."

"நீங்க எறியக்கூடாதா?"

"உப்பு போட்டது நானா?"

கல் குட்டியின் முன்னங்கால் பக்கம் விழுந்து தெறித்தது. குட்டி நகரவில்லை. அவரையே பார்த்தது.

"போ! போய்த் தொலை, சனியனே!"

தொண்டை கிழியக் கத்திக்கொண்டே அடுத்த கல்லை எறிந்தார். அதற்கடுத்ததை எறிந்தார். கண்ணீரில் குறி தெரியவில்லை. கூட்டம் சிதறிச் செங்குத்துப் பாறையில் ஏறியது.

ஒரு வாரம் தினமும் இதே வேலை. எட்டாம் நாள் டப்பா சத்தம் கேட்டதுமே கூட்டம் மேகத்துக்குள் ஏறி மறைந்தது. குட்டிதான் முதலில் ஓடியது.

மாசிலாமணி டப்பாவைப் பாறையில் ஓங்கி அடித்தார்.

"போச்சு டீச்சர்! என் தலை தெரிஞ்சாலே ஓடுது. இனி யாருக்கு என்னத்தைக் காட்டப்போறேன்?"

டீச்சர் கையை நீட்டி, நசுங்கிய டப்பாவை வாங்கிக்கொண்டார்.

"ஆடு சொல்லிடுச்சு அண்ணே. நாளைக்கு ஏழு பேர் வர்றாங்க. நீங்க தனியாக் கூட்டிட்டுப் போங்க."