குனியாத தலையும் குட்டைப் பாலமும்

பாராட்டு விழாவில் போட்ட மாலையைக் கழற்ற மனசில்லாமலே மிராசுதார் அரங்கநாதம் படகில் ஏறினார். ஏறியவர் உட்காரவில்லை. கரையில் இருப்பவர்கள் மாலையைப் பார்க்க வேண்டாமா?

படகோட்டி அஞ்சலாட்சி கெஞ்சினாள். "ஐயா, ஓடுற படகுல நிக்கக்கூடாது, கவுந்துரும். முன்னால குட்டைப் பாலம் வேற வருது. உக்காந்து தலையைக் குனிஞ்சுக்குங்க."

"நானா? எவனுக்கும் குனியாத தலைடி இது! நான் குனியாமலே பாலத்தைத் தாண்டிக் காட்டு. இல்லேன்னா நாளையிலேர்ந்து இந்தக் கால்வாயில நீ படகு விட முடியாது."

"அப்ப மல்லாந்து படுத்துக்குங்க ஐயா. படுத்தா குனிஞ்சதா ஆகாது. மாலை சரியாம ரெண்டு கையையும் நெஞ்சுமேல வச்சுக்குங்க."

அதில் மரியாதைக் குறைவு எதுவும் அவருக்குத் தெரியவில்லை. படுத்தார்.

பாலத்தின் மேல் நின்ற கூட்டம் எட்டிப் பார்த்தது. உடனே செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டது. கூட்டத்தில் ஒருவர், "அப்பாடா! எப்பம்மா போனாரு?" என்று கேட்டார்.

"இப்பத்தான் போயிட்டிருக்காரு" என்றாள் அஞ்சலாட்சி.

படகு பாலத்துக்கடியில் நுழைந்தது. ஆத்திரம் தாங்காமல் மிராசுதார் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

ணங்!

அந்தப் பாலமும் எவனுக்கும் குனியாத பாலம்தான்.