பத்தொன்பது நீர்ப்புள்ளிகள்

எங்கள் ஆய்வகத்தில் மாணவருக்கு வயது ஐம்பத்தாறு, குருவுக்கு நாற்பது. அமலதாஸ் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியாராக இருந்துவிட்டு முனைவர் பட்டத்துக்கு வந்தவர். பேராசிரியர் மதுரவல்லி அவரை "சார்" என்பார். அவர் இவரை "மேடம்" என்பார். நாங்கள் சிறுசுகள் சிரித்துக்கொள்வோம்.

அன்று காலை அவர் கொண்டுவந்த டி.என்.ஏ படம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

"இதுல பத்தொன்பது தண்ணி மூலக்கூறு இருந்துச்சே சார்?"

"அழிச்சுட்டேன் மேடம். ஆய்வுப் பத்திரிகைக்காரங்க எழுதியிருக்காங்க, டி.என்.ஏ போதும், ஓரத்துல ஒட்டுன தண்ணியெல்லாம் எதுக்குன்னு. ஜூனுக்குள்ள கட்டுரை வரலைன்னா என் பிஎச்.டி பதிவே காலாவதி. தண்ணிதானே, போனா போகுது."

மேடம், அமலதாஸ் வளர்த்த டி.என்.ஏ படிகங்களில் ஒன்றைத் திரவத்திலிருந்து ஊசிமுனையால் எடுத்து, உலர்ந்த கண்ணாடியில் வைத்தார்.

"ஐயோ மேடம், காயுதே! எட்டு மாசம் வளர்த்தது!"

"காயட்டும்."

கொஞ்ச நேரத்தில் படிகம் விரிசல் விட்டு வெளுத்துப்போனது. அதையே எக்ஸ்ரே கருவியில் ஏற்றினார். வழக்கமாகத் திரை முழுக்கப் புள்ளிப் புள்ளியாக விழும்; அந்தப் புள்ளிகளைக் கணக்குப் போட்டுத்தான் படமே வரைவோம். அன்று ஒன்றுகூட விழவில்லை. மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை.

"டி.என்.ஏ மேல கை வெச்சேனா சார்?"

"இல்ல மேடம்."

"அதுல ஒரு அணுவாவது குறைஞ்சிருக்குமா?"

"குறைஞ்சிருக்காது."

"அப்ப எது போச்சு?"

அமலதாஸ் கணினி முன்னால் உட்கார்ந்து, அழித்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தார். டி.என்.ஏ-வின் இரண்டு இழைக்கும் நடுவே ஓடும் குறுகிய பள்ளத்தில், நீர் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றது. மேடம் பின்னால் நின்று பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் அதுவரை பார்த்ததில்லை.

"எத்தனை பேர் இங்க வந்து படிகம் வளர்த்துட்டுப் போயிருக்காங்க! ஒருத்தர் கண்ணுலயும் இது இவ்வளவு தெளிவா அகப்படல சார்."

"இப்படியே அனுப்பி, அவங்க தள்ளிட்டா? ஜூன் போயிடுமே மேடம்?"

"போகட்டும். பதிவு நீட்டிப்புக்கு நான் போய் நிக்கிறேன். இந்தப் பத்தொன்பதும் இல்லாத படத்துல என் பேர் வேண்டாம் சார்."