மோரும் செருப்பும்

பூவலிங்கம் ஒரு பல்கலைக்கழகத்தின் இணையதளத்தைக் கட்டிக் காப்பவர். போன தேர்வு முடிவன்று அது படுத்துவிட்டது. இந்த முறையும் படுத்தால் வேலை இருக்காது என்று துணைவேந்தர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். நாளைக் காலை முடிவு வருகிறது.

அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மதுவந்தி அவரைவிட ரொம்பச் சின்னவள். அதில் அவருக்கு வெட்கம் எதுவும் இல்லை.

"டீச்சர், தளம் படுக்காம இருக்கச் சி.டி.என்.னா, ப்ராக்ஸியா? ஒண்ணு சொல்லிருங்க."

"நீங்க எதை எடுத்தீங்கண்ணே?"

"சி.டி.என்.தான். பக்கத்தையெல்லாம் நகலெடுத்து ஊருக்கு ஊர் வச்சுட்டா, கேட்டவனுக்குப் பக்கத்துல இருந்தே போயிரும். ப்ராக்ஸி வாசல்ல நிக்கும், ஒவ்வொருத்தனையும் விசாரிக்கும், அப்புறம் உள்ள கேட்டு வாங்கிக் குடுக்கும். அதுக்கெல்லாம் நேரம் ஏது?"

"எல்லாப் பக்கத்தையுமா நகலெடுத்தீங்க?"

"ஒண்ணு விடல!"

"சரி வாங்க, கோயிலுக்குப் போயிட்டு வருவோம்."

தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது கோயிலா? பூவலிங்கம் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

சித்திரைத் திருவிழா. தெருமுனைக்குத் தெருமுனை நீர்மோர்ப் பந்தல். யாரும் பேர் ஊர் கேட்கவில்லை. கை நீட்டியதும் மோர் வந்தது. பூவலிங்கம் வஞ்சனையில்லாமல் குடித்தார்.

கோயில் வாசலில் செருப்பை விட்டு டோக்கன் வாங்கிக்கொண்டார்கள். மதுவந்தி அங்கிருந்தவரிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தாள்.

சாமி கும்பிட்டுத் திரும்பியபோது கல்தரை கொதித்தது. பூவலிங்கம் டோக்கனை நீட்டினார். அந்த ஆள் அதைப் பார்க்கவே இல்லை. கைக்கு எட்டிய ஜோடியை எடுத்துப் போட்டார்.

"யோவ், இது என் செருப்பு இல்லய்யா!"

"பக்கத்துல இருந்ததக் குடுத்தாருண்ணே," என்றாள் மதுவந்தி. "சீக்கிரம் கெடச்சுச்சுல்ல?"

காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்த பூவலிங்கம் சூட்டை மறந்து நின்றுவிட்டார்.

"ஐயையோ! சி.டி.என். முதல்ல பாத்தவன் மார்க்கை நகலெடுத்து, அடுத்து வர்றவனுக்கு நீட்டியிருக்குமே!"

மதுவந்தி சிரித்தாள். செருப்புக்காரரும் சிரித்துக்கொண்டே அவருடைய ஜோடியை எடுத்துக் கொடுத்தார்.

பூவலிங்கம் ஓட்டமும் நடையுமாக அலுவலகம் போனார். முகப்பு, அறிவிப்பு, படங்கள் என்று எல்லாருக்கும் ஒன்றான பக்கங்களைச் சி.டி.என்.னிடமே விட்டார். மதிப்பெண் பக்கத்தின் நகல்களை அழித்தார். அதை மட்டும் ப்ராக்ஸி பதிவெண்ணைச் சரிபார்த்து, உள்ளே கேட்டு வாங்கித் தரும்படி வைத்தார்.

மறுநாள் காலை ஊரே வந்து விழுந்தது. தளம் அசையவில்லை. அவரவர் மதிப்பெண் அவரவருக்குப் போய்ச் சேர்ந்தது. வளாகத்தில் விசில் பறந்தது. துணைவேந்தரே மாடியிலிருந்து இறங்கி வந்து பூவலிங்கத்தைக் கட்டிக்கொண்டார். மனுஷனுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

வாசலில் மதுவந்தி நின்றிருந்தாள்.

"ஜெயிச்சுட்டோம் டீச்சர்! ஆனா இதுல ஜெயிச்சது எது? சி.டி.என்.னா, ப்ராக்ஸியா?"

அவள் அவருடைய காலைப் பார்த்தாள்.

"செருப்பு உங்களோடதுதானே?"

"ஆமா டீச்சர்."

"அப்ப நடங்கண்ணே, மோர் குடிச்சிட்டு வருவோம்."