ஒச்சப்பன் வயிற்றில் தூர் வாரிய கதை

கள்ளிக்கோம்பை என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்களுக்கு வாய்க்காலைத் தவிர வேறொன்றும் தெரியாது. வாய்க்காலும் தெரியாது என்று பக்கத்து ஊரில் சொல்வார்கள், அது பொறாமை. வாய்க்கால் கமிட்டிக்குத் தலைவர் ஒச்சப்பன். அவருக்குக் கீழே சடையாண்டி, வீரணன், மொக்கைச்சாமி என்று மூன்று உறுப்பினர்கள். ஒருத்தருக்குத் தும்மல் வந்தாலும் நாலு பேரும் கூடித் தீர்மானம் போட்ட பிறகுதான் மூக்கைத் துடைப்பார்கள்.

அப்பேர்ப்பட்ட ஒச்சப்பனுக்கு வயிறு கட்டிக்கொண்டது. வேறு சமயமென்றால் பரவாயில்லை. வருகிற வெள்ளிக்கிழமை கருப்பசாமி கோயிலில் கிடா விருந்து. வருஷம் பூராவும் அந்த ஒரு இலையை நினைத்துத்தான் மனுஷன் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். இப்போதோ அரை டம்ளர் கஞ்சிகூட உள்ளே இறங்க மாட்டேனென்றது.

நாலு பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"பெருங்குடல்ங்கிறது உங்க ஊர் வாய்க்கால் மாதிரிங்கய்யா. தேங்க விடக் கூடாது. நெறையத் தண்ணி குடிங்க. கீரை, கொய்யாப்பழம் சாப்பிடுங்க, நடங்க. தினமும் ஒரே நேரத்துக்குப் போய் உக்காருங்க. அதுக்கும் கேக்கலேன்னா மட்டும் இந்த மருந்து."

வெளியே வந்ததும் வீரணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எத்தனை டாக்டரைப் பாத்திருப்போம். வாய்க்கா வேலை தெரிஞ்ச டாக்டரு இந்தம்மா ஒருத்தருதான்."

வாய்க்கால் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அப்புறம் வாய்க்கால் முறைப்படி செய்யாமல் வேறெப்படிச் செய்வது? ஒச்சப்பன் வீட்டில் கமிட்டி கூடியது.

"தண்ணி ஓடும்போது தூர் வார முடியுமா?" என்று கேட்டான் சடையாண்டி.

"அதெப்பிடி முடியும்?"

"அப்ப மொதல்ல?"

"மதகை அடைக்கணும்."

ஒச்சப்பனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஊரில் அந்த விதியைப் போட்டவரே அவர்தான்.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி மாயக்காள் எட்டிப் பார்த்தாள். "அந்தம்மா தண்ணி குடிக்கச் சொல்லுச்சு. நீங்க குடிக்கக் கூடாதுன்னு தீர்மானம் போடுறீங்க. காதைக் கழட்டி வச்சிட்டா ஆஸ்பத்திரிக்குப் போனீங்க?"

"மதினி, அந்தம்மா சொன்னது தூர் வாரின பெறகு" என்றான் மொக்கைச்சாமி, பணிவாக.

அன்றைக்கு முழுக்க ஒச்சப்பனுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. சாயங்காலம் வயிறு அம்மிக்கல்லாக இருந்தது. தூர் நன்றாகக் காய்ந்துவிட்டது, இனி வாருவது சுலபம் என்று கமிட்டி திருப்திப்பட்டது.

மறுநாள் மதகைத் திறந்து மருந்தை விடுவதாக ஏற்பாடு. ஆனால் கள்ளிக்கோம்பையில் வாய்க்கால் முடிகிற கடைமடைக்குத்தான் முதல் தண்ணீர், மதகையொட்டிய தலைமடைக்குக் கடைசியில். கடைமடையில் இருந்தது மொக்கைச்சாமி வீடு. மருந்து பாட்டில் அங்கே போனது.

"எனக்கு வயிறு நல்லாத்தானே இருக்கு" என்றான் மொக்கைச்சாமி.

"போன வருசம் ஒன் வயலு நனைஞ்சுதான் கெடந்துச்சு. மொறைத் தண்ணிய வேணாம்னா சொன்னே?" என்றான் வீரணன்.

மொக்கைச்சாமி பாட்டிலை வாங்கினான். குடித்தான். அடுத்த முறை வீரணனுக்கு, அதற்கடுத்தது சடையாண்டிக்கு. தலைமடையில் இருந்த ஒச்சப்பனிடம் பாட்டில் வந்து சேர்ந்தபோது மூடியில் வாசனை மட்டும் மிச்சம் இருந்தது.

"இந்த வாட்டி தலைமடைக்கு எட்டலை தலைவரே. அடுத்த மொறையில…" என்று ஆரம்பித்த சடையாண்டி, வாக்கியத்தை முடிக்காமல் கருவேலங்காட்டுப் பக்கம் ஓடினான். மற்ற இருவரும் முன்பே போயிருந்தார்கள்.

திரும்பி வந்ததும், தினமும் ஒரே நேரத்துக்கு உட்கார வேண்டும் என்ற விஷயத்தைக் கையில் எடுத்தார்கள். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குத் திறப்பு என்று தண்டோரா போட்டாயிற்று. வாய்க்காலில் புதுத்தண்ணீர் வரும்போது ஊரே கூடி நின்று பூத்தூவி வரவேற்பது வழக்கம். ஒச்சப்பன் கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வெளியே மேளம், தேங்காய், தாம்பாளத்தில் பூ.

"தலைவரே, வந்துருச்சா?" என்றான் வீரணன்.

"போங்கடா அங்கிட்டு."

"எதுவரைக்கும் வந்திருக்குன்னு சொன்னீங்கன்னா, கொலவை போடுறவங்களைத் தயார் பண்ணலாம்."

ஊர் முழுக்கக் காது கொடுத்து நிற்கும்போது எந்தக் குடல்தான் வேலை செய்யும்? போனபடியே வெளியே வந்தார். கொண்டுவந்த மாலையை வீணாக்கக் கூடாதென்று அவர் கழுத்திலேயே போட்டார்கள்.

மாயக்காள் விளக்குமாற்றோடு வந்து கமிட்டியைக் கலைத்தாள். பிறகு புருஷனுக்குச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொடுத்தாள். கீரையைக் கடைந்து போட்டாள், கொய்யாவை நறுக்கிக் கொடுத்தாள், கண்மாய்க் கரையைச் சுற்றி வரச் சொன்னாள். வெள்ளிக்கிழமை விடியும்போது, மேளமுமில்லாமல் தாளமுமில்லாமல், எல்லாம் தானாக நடந்து முடிந்தது.

பஞ்சுபோலப் பந்திக்கு வந்தார் ஒச்சப்பன். இலை விழுந்தது. சோறு விழுந்தது. குழம்பில் நல்லி எலும்பு மிதந்து வந்தது. அவர் கையை வைக்கப்போக, சடையாண்டி மணிக்கட்டைப் பிடித்தான்.

"தலைவரே, புதுசாத் தூர் வாரின வாய்க்கால்ல எஞ்சினீயரு வந்து பாக்குற வரைக்கும் எதையும் கொட்டக் கூடாது. நீங்க போட்ட விதி."

"எஞ்சினீயரு எப்பய்யா வருவாரு?"

"அவரு எப்ப வந்தாரு? எங்க மூணு பேரு எலையையும் நாங்களே மடிச்சிட்டோம். எங்களுக்கும் தூர் வாரியாச்சுல்ல."

ஒச்சப்பன் நல்லி எலும்பைப் பார்த்தார். அது ஆறிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு ஒரு தந்திரம் தோன்றியது.

"எனக்கு மறுபடி அடைச்சுக்கிருச்சுப்பா" என்றார், வயிற்றைத் தடவிக்கொண்டு. "அப்ப இது புது வாய்க்கா இல்லேல்ல?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீரணன் குனிந்து அவர் வயிற்றில் காதை வைத்துக் கேட்டான்.

"தலைவர் சொல்றது சரிதான். புது வாய்க்கா விதி இதுக்குச் செல்லாது."

ஒச்சப்பன் நல்லி எலும்பைக் கையில் எடுத்துவிட்டார்.

"பெறகென்ன வேடிக்கை?" என்றான் சடையாண்டி. "மொதல்ல மதகை அடைங்கடா."

வீரணன் அவர் கையிலிருந்த எலும்பை வாங்கி இலையில் வைத்து, இலையைப் பக்குவமாக மடித்தான். மொக்கைச்சாமி தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு, மேளக்காரனைத் தேடிப் போனான்.